‘மருந்து கேட்குது’ என்பதை எப்படி அளக்கிறார்கள்?

தோல் வியாதிக்கு மருந்து போடுகிறவரைப் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, “மருந்து கேட்குதா?” என்பதுதான். “பரவாயில்லை, கொஞ்சம் கேட்குது” என்பார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? போன மாதத்தைவிடப் பாதியா, கால்வாசியா? அது மருந்தால் குறைந்ததா, தானாகவே குறைந்ததா? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பெரும்பாலான தோல் நோய்களுக்கு மருத்துவரின் கண்ணும் கையும்தான் கருவி. அந்தக் கண்ணையும் கையையும் நம்பகமான அளவுகோலாக மாற்றுவதற்கான ஏற்பாடுதான் தோல் மருந்து ஆய்வு. சொரியாசிஸை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். இதையே சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள்.

சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு முறை தன் தோலையே சீண்டிவிடுவதால் வருவது. சாதாரணமாகத் தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத தோல் செல்கள் மேலே வந்து குவிவதால் தோல் தடிக்கிறது, வெள்ளிச் செதிலாக உதிர்கிறது. அடியில் ரத்த நாளங்கள் விரிவதால் சிவக்கிறது. சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றையும்தான் ஆய்வில் எண்ணாக மாற்றுகிறார்கள்.

பாஸி கணக்கு

1978இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்ற இருவர், சொரியாசிஸுக்கு ஒரு மாத்திரையைச் சோதித்தபோது வகுத்த மதிப்பெண் முறைக்கு ‘பாஸி’ (PASI, சொரியாசிஸின் பரப்பையும் கடுமையையும் அளக்கும் எண்) என்று பெயர். குறைகள் பல இருந்தும் சொரியாசிஸ் ஆய்வுகள் இன்றைக்கும் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கின்றன.

உடலை நான்கு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். தலையும் கழுத்தும் ஒரு பகுதி, அதன் பங்கு 0.1. கைகளுக்கு 0.2. உடம்புக்கு, அதாவது கழுத்துக்குக் கீழே கைகால் நீங்கலான பகுதிக்கு, 0.3; அக்குளும் தொடையிடுக்கும் இதில் சேரும். கால்களுக்கு 0.4, பிட்டம் இதில் சேரும். ஒவ்வொரு பகுதியிலும் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் இல்லை, 4 என்றால் மிகக் கடுமை. பிறகு அந்தப் பகுதியில் எத்தனை சதவீதத்தில் படை இருக்கிறது என்று பார்த்துப் பரப்பு எண் தருவார்கள்: 10 சதவீதத்துக்குக் கீழே 1, 10 முதல் 29 வரை 2, 30 முதல் 49 வரை 3, 50 முதல் 69 வரை 4, 70 முதல் 89 வரை 5, அதற்கு மேல் 6. மூன்று மதிப்பெண்களின் கூட்டுத்தொகையைப் பரப்பு எண்ணாலும் பகுதியின் பங்காலும் பெருக்கி, நான்கு பகுதிகளையும் கூட்டினால் வருவதுதான் பாஸி. உச்சம் 72.

புதிதாகக் கற்பவர்கள் தவறும் இடம் பரப்புதான். ‘கைகளில் 25 சதவீதம்’ என்றால் கைகளின் தோலில் கால்வாசி என்று பொருள். மொத்த உடம்பில் கால்வாசி அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். ஒருவருக்குத் தலையில் மதிப்பெண்கள் 2, 1, 2. பரப்பு 15 சதவீதம். அதாவது 5 × 2 × 0.1 = 1.0. கைகளில் 3, 2, 2. பரப்பு 25 சதவீதம். 7 × 2 × 0.2 = 2.8. உடம்பில் 3, 3, 2; பரப்பு 35 சதவீதம். 8 × 3 × 0.3 = 7.2. கால்களில் 3, 3, 3. பரப்பு 40 சதவீதம். 9 × 3 × 0.4 = 10.8. கூட்டினால் 21.8. ஊசி மருந்து ஆய்வுகளில் சேர வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்தபட்சம் 12. இவர் சேரலாம்.

பன்னிரண்டு வாரம் கழித்துத் தலையில் படையே இல்லை. கைகளில் 1, 1, 0. பரப்பு 8 சதவீதம், ஆக 0.4. உடம்பில் 1, 1, 1. பரப்பு 12 சதவீதம், ஆக 1.8. கால்களில் 2, 1, 1. பரப்பு 20 சதவீதம், ஆக 3.2. மொத்தம் 5.4. 21.8இலிருந்து 5.4க்கு இறங்கியது 75.2 சதவீதக் குறைவு. முக்கால்வாசியோ அதற்கு மேலோ குறைந்தால் அவர் ‘பாஸி 75’ எட்டியவர். இவருக்கு மருந்து கேட்டது என்று ஆய்வு எழுதிக்கொள்ளும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். கால்களின் சிவப்புக்கு 2 போட்ட இடத்தில் வேறொரு மருத்துவர் 3 போடுகிறார். கால்களின் கணக்கு 4.0 ஆகிறது, மொத்தம் 6.2, குறைவு 71.6 சதவீதம். அதே நோயாளி, அதே தோல், அதே நாள். ஆனால் ஏட்டில் ‘மருந்து கேட்கவில்லை’. ஆகவேதான் முதல் நாள் பார்த்த மருத்துவரே கடைசி நாளும் பார்க்க வேண்டும், ஒரே அறையில் ஒரே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஆய்வுத் திட்டங்களில் எழுதிவைக்கிறார்கள். ஆய்வு தொடங்குமுன் மருத்துவர்களை உட்காரவைத்து ஒரே படங்களுக்கு மதிப்பெண் போடச்சொல்லிப் பழக்குவதும் இதற்காகத்தான். பார்வை நாளன்று காலையில் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ பூசாமல் வரச்சொல்வார்கள். எண்ணெய் பட்டால் செதில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடும், செதிலின் மதிப்பெண் பொய்யாக இறங்கும்.

மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கரும்பழுப்பாகத் தெரியும். பழக்கமில்லாத கண் சிவப்புக்குக் குறைவாகப் போட்டுவிடும். நோய் அடங்கிய பிறகு கதை தலைகீழாகும். தடிப்பும் செதிலும் போய்த் தோல் வழவழப்பாகியிருக்கும், ஆனால் அந்த இடத்தில் கரும்திட்டு பல மாதங்கள் நிற்கும். அது நோயல்ல, அழற்சி விட்டுச்சென்ற நிறம். பாஸியில் அதற்கு மதிப்பெண் கிடையாது. நோயாளியோ திட்டைப் பார்த்து ‘இன்னும் போகவில்லை’ என்று மருந்தைக் கூட்டிப் பூசுகிறார். விரலால் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: மேடும் சொரசொரப்பும் இல்லையென்றால் படை அடங்கிவிட்டது.

பாஸி பார்க்காத வலி

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் சொரியாசிஸ் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெடித்துப் பிளந்த கை. பாத்திரம் தேய்க்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது, நடந்தால் வெடிப்பிலிருந்து ரத்தம் கசியும். சிவப்பு 2, தடிப்பு 3, செதில் 3 என்று வைத்தாலும் பரப்பு 10 சதவீதத்துக்குள்தான். கைகளுக்கு 8 × 1 × 0.2 = 1.6, கால்களுக்கு 8 × 1 × 0.4 = 3.2. மொத்தம் 4.8. பாஸி இவரை லேசான நோயாளி என்கிறது, ஆய்வில் சேர்க்கவும் மாட்டார்கள். வேலையே போய்விட்ட மனிதருக்கு இது பெரிய அநியாயம். பாஸியை மட்டும் காட்டும் ஆய்வுகளை நாம் அரைமனதோடு படிக்க வேண்டியதற்கு இதுவே போதும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள். 1994இல் பிரிட்டனின் கார்டிஃபில் ஃபின்லே, கான் இருவரும் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி: அரிப்பும் வலியும் எவ்வளவு, வெட்கமாக இருந்ததா, என்ன உடுத்துவது என்பதை நோய் மாற்றியதா, வேலைக்கும் படிப்புக்கும் தடையா, வீட்டார் உறவில் சிக்கலா, மருந்து போடுவதே தொல்லையா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் நோய் வாழ்க்கையைக் கடுமையாக உலுக்குகிறது என்று பொருள். உள்ளங்கைக்காரருக்குப் பாஸி 4.8 ஆக இருக்கும்போதே இது 18ஐத் தொடலாம். நல்ல ஆய்வு இரண்டு எண்களையும் சொல்லும்.

எதோடு ஒப்பிடுவது?

ஒரு களிம்பைப் பூசிப் படை குறைந்தது. களிம்பில் உள்ள மருந்தால் குறைந்ததா, களிம்பால் குறைந்ததா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் தோல் ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. வெறும் வேசலினே செதிலை ஊறவைத்து உதிர்க்கும், வெடிப்பை மூடும், அரிப்பைத் தணிக்கும். எனவே மருந்துக் களிம்பை ‘ஒன்றும் பூசாத’வர்களோடு ஒப்பிட்டால் எந்தக் களிம்பும் ஜெயித்துவிடும். சரியான ஒப்பீடு, அதே களிம்பிலிருந்து மருந்தை மட்டும் எடுத்துவிட்ட வெற்றுக் களிம்பு. நிறம், மணம், பிசுபிசுப்பு, டியூப் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம்மூரில் சொரியாசிஸுக்குப் பலரும் பூசுகிற வெட்பாலைத் தைலத்தை இப்படிச் சோதிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் செவ்வூதா நிறமாகிறது. ஒப்பீட்டுக்கு வெறும் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் நிறத்தைப் பார்த்தே யாருக்கு எது என்று தெரிந்துவிடும். தோலுக்கு ஒன்றும் செய்யாத சாயத்தைச் சேர்த்து அதே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேங்காய் எண்ணெய் தன்னளவிலேயே செதிலை இளக்கும் என்பதால், இரு தரப்பிலும் முன்னேற்றம் தெரியும். தைலத்தின் பங்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. பூசிவிட்டு வெயிலில் நிற்கச் சொல்வதும் உண்டு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிருக்கே சொரியாசிஸைக் குறைக்கும் தன்மை இருக்கிறது. அதை வைத்துத்தான் மருத்துவமனைகளில் ஒளிச்சிகிச்சை தருகிறார்கள். ஆகவே இரு தரப்பாரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நிமிடங்கள் வெயிலில் நிற்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு வித்தியாசம் நின்றால், அந்தத் தைலத்தைத் தலைநிமிர்ந்து பேசலாம்.

பூசுமருந்துக்கு அளவும் முக்கியம். 5 மில்லிமீட்டர் வாயுள்ள டியூபிலிருந்து, ஆள்காட்டி விரலின் நுனி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். விரல்களையும் சேர்த்த ஒரு உள்ளங்கை உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். உடலில் 10 சதவீதம் படை என்றால் ஒருவேளைக்கு 2.5 கிராம், நாளுக்கு இரண்டு வேளை 5 கிராம், இரண்டு வாரத்துக்கு 70 கிராம். 30 கிராம் டியூப் ஆறே நாளில் தீர வேண்டும். அதை ஒரு மாதம் வைத்துத் தேய்த்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் ஏராளம். ஆய்வில் இதைக் கண்டுபிடிக்க டியூபைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எடைபோடுவார்கள். இந்த நோயாளிக்கு இரண்டு வாரத்துக்கு 90 கிராம் கொடுத்து 66 கிராம் திரும்பி வந்தால் அவர் பூசியது 24 கிராம், வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான். தோற்றது மருந்தல்ல.

ஒரே ஆளின் வலது கையில் மருந்தும் இடது கையில் வெற்றுக் களிம்பும் பூசும் முறையும் உண்டு. குறைந்த ஆட்களோடு முடியும், மரபணு, உணவு, மன அழுத்தம் எல்லாம் இரு பக்கத்துக்கும் பொது. ஆனால் ஒரு பக்கம் பூசிய கையைச் சோப்புப்போட்டுக் கழுவாமல் மறுபக்கம் பூசினால் கணக்கே கலந்துவிடும். வீரியமான ஸ்டீராய்டு ரத்தத்தில் கலந்தால் பூசாத பக்கமும் குறையும்.

குலுக்கலும் மறைப்பும்

சொரியாசிஸ் ஏறி இறங்கும் நோய். தொண்டையில் கிருமித்தொற்று வந்தால், மனம் நொந்தால், ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சீறும். சிலருக்கு வெயில் காலத்தில் அடங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம், அதன்பின் அது தானாகவே சற்று இறங்குவது இயற்கை. அந்த இறக்கத்தை மருந்தின் கணக்கில் எழுதாமல் இருக்க வேண்டுமானால், யாருக்கு மருந்து யாருக்கு வெற்று என்பதைக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் தேர்ந்தெடுத்தால் அவரையறியாமலே தேறக்கூடியவர்கள் மருந்துப் பக்கம் போய்விடுவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியக்கூடாது. ஒரே எண் முடிவை எப்படிப் புரட்டுகிறது என்று பார்த்தோமே, அதை நினைத்துக்கொண்டால் இதன் அவசியம் புரியும்.

2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். செக்யூகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்த ‘எரேஷர்’ ஆய்வில் 738 பேர். 12ஆம் வாரம் பாஸி 75 எட்டியவர்கள், 300 மில்லிகிராம் பெற்றவர்களில் 81.6 சதவீதம், 150 மில்லிகிராமில் 71.6 சதவீதம், வெற்று ஊசியில் 4.5 சதவீதம். அந்த 4.5 சதவீதம்தான் ‘தானாகவே குறைந்தது’. மருந்தின் உண்மைப் பலன் 81.6 அல்ல, அதிலிருந்து 4.5 போக மிஞ்சும் 77.1. ‘ஃபிக்ஸ்சர்’ என்ற மற்ற ஆய்வு 1306 பேரோடு, ஏற்கெனவே புழக்கத்திலிருந்த எட்டனெர்செப்ட் ஊசியையும் களத்தில் இறக்கியது. முடிவு: 300 மில்லிகிராமில் 77.1, 150இல் 67.0, எட்டனெர்செப்டில் 44.0, வெற்று ஊசியில் 4.9 சதவீதம். வெற்று ஊசியை ஜெயிப்பது எளிது; இருக்கிற நல்ல மருந்தோடு நேருக்கு நேர் மோதுவதுதான் நோயாளிக்கு உதவும் ஆய்வு.

எல்லாத் தோல் நோயிலும் வெற்று மருந்தின் பலன் இவ்வளவு சிறியதல்ல. கரப்பான் வகையான அடோபிக் டெர்மடைடிஸில், 2016இல் வெளியான, டுபிலுமாப் என்ற ஊசி மருந்தின் ஆய்வு ஒன்றில் வெற்று ஊசி பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் 16 வாரத்தில் முக்கால்வாசி குணம் கண்டனர். மருந்து பெற்றவர்களில் அது 51 சதவீதம்.

விளம்பரத்தில் சதவீதம் வந்தால் ‘எத்தனை பேரில்?’ என்று கேளுங்கள். 100 பேர் சேர்ந்து 30 பேர் பாதியில் விலகி, மிஞ்சிய 70 பேரில் 50 பேர் குணமானால், 71 சதவீதம் என்றும் எழுதலாம், 50 சதவீதம் என்றும் எழுதலாம். விலகியவர்கள் பெரும்பாலும் மருந்து கேட்காதவர்கள் அல்லது ஒத்துக்கொள்ளாதவர்கள். ஆகவே கறாரான ஆய்வு அவர்களையும் ‘கேட்கவில்லை’ பக்கம் சேர்த்து 50 என்றுதான் எழுதும்.

சில நூறு பேரில் தெரியாதது

பலன் தெரியச் சில நூறு பேர் போதும், ஆபத்து தெரியப் போதாது. 300 பேரில் ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றால் அது வரவே வராது என்று பொருளல்ல. புள்ளியியலின் எளிய விதி ஒன்றின்படி, 3ஐ 300ஆல் வகுத்தால் வரும் அளவு, அதாவது நூற்றில் ஒருவருக்கு வரை வரக்கூடும் என்றே கொள்ள வேண்டும். எஃபாலிசுமாப் என்ற சொரியாசிஸ் ஊசி 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் போட்ட பிறகுதான், மூளையைத் தாக்கும் ஓர் அரிய வைரஸ் தொற்று சிலருக்கு வந்தது தெரிந்தது. 2009இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். பன்னிரண்டு வார ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

உங்களைச் சேரச்சொன்னால்

இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவுசெய்ய சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே தேடலாம். எந்த அளவை வெற்றி என்று கொள்வார்கள், எந்த வாரத்தில் பார்ப்பார்கள் என்பது அங்கே முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் அதை மாற்றினால், அம்பு பாய்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதற்குச் சமம்.

சேருமுன் பழைய மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். வழக்கமாகக் களிம்புகளுக்கு 2 வாரம், மாத்திரைக்கும் ஒளிச்சிகிச்சைக்கும் 4 வாரம், ஊசி மருந்துகளுக்கு இன்னும் அதிகம். இந்த இடைவெளியில் நோய் சீறலாம். அப்போது யாரை, எந்த எண்ணில் அழைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி என்றால் காசநோய் பரிசோதனை கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும் ஆபத்து நம் நாட்டில் அதிகம். சித்தம், ஆயுர்வேதம், நாட்டு வைத்தியம் எது போட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பெயரில்லாத டப்பாக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்கள் பாதுகாப்பும் போகும், கணக்கும் போகும்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. யாரிடம் முறையிடுவது என்ற பெயரும் எண்ணும் படிவத்தில் வேண்டும். பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊசி கேட்டு, தோல் சுத்தமாகி, ஆய்வும் முடிந்துவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் படை திரும்பலாம். ஆய்வு முடிந்த மறுநாளிலிருந்து அந்த மருந்தை யார் தருவார்கள், எத்தனை மாதம் தருவார்கள், என்ன விலையில்? படிவத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால், கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.